நட்டிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஏதோ உத்தி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஜனவரி மாதம், வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நான் சமையல் செய்யும் விடுதியின் வேனுக்குச் சக்கரச் சங்கிலி அறுந்துபோயிருந்தது. சங்கிலி இல்லாமல் பனியில் எங்கள் தீவின் எந்த மேட்டிலும் ஏற முடியாது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, சொதோங் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பியோ தல்சுவின் பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் ஆளைக் காணோம். ஒரு டன் சுமை ஏற்றும் லாரி ஒன்று முட்டுகளின் மேல் நின்றிருந்தது. அதன் அடியிலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கூடவே ஒரு குரல்.

"வந்துடு... போதும். ஒரே எடத்துல இருந்து பழகிப்போச்சு, எனக்குத் தெரியும். கொஞ்சம் அசைஞ்சு குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் இரும்போடு பேசுவது எனக்குப் புதிதல்ல. நானே வேகாத பயறைத் திட்டியிருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. சங்கிலியைத் தரையில் போட்டுவிட்டு உரக்கச் சொன்னேன்:

"அண்ணே, கெஞ்சினா அது வராது! நல்லா சூடு வைங்க, வாலாட்டிக்கிட்டு வரும்!"

கால்கள் அசையவில்லை. லாரிக்கு அடியில், சிமென்ட் தரையில் எங்கிருந்தோ, ஒரு பெண் குரல் வந்தது. ஒலிபெருக்கியில் போட்ட கைபேசிக் குரல்.

"யாரது?"

"யாருமில்ல," என்றார் தல்சு. பிறகு, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, குரலை உயர்த்தி, "ஒண்ணுமில்ல. நான் நட்டு கிட்டதான் பேசிட்டிருந்தேன்," என்றார்.

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

(அந்தக் குரல் ஹேசூனுடையது. அவர் மனைவி. ஒன்பது வருடமாக இந்தத் தீவில் இல்லை.)

2

எத்தனையோ தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"கடல் அன்று கறுத்து" என்று ஒன்று. அடித்துவிட்டேன். தீவுக் கதை என்றால் கடலில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்ட மாதிரி எல்லோரும் அப்படியே தொடங்குகிறோம்.

"துரு என்பது இரும்பின் ஏக்கம்" என்று இன்னொன்று. இதை அடிக்க மனசு வரவில்லை, நன்றாக இருந்தது. அதனாலேயே அடித்தேன். துருவுக்கு ஏக்கமெல்லாம் கிடையாது. இங்கே சாலைப் பனியைக் கரைக்கக் கடல்தண்ணீரைத் தெளிக்கிறார்கள். பனி கரைகிறது, வண்டிகளின் அடிவயிறும் கரைகிறது. அவ்வளவுதான்.

மூன்றாவது, மிரானிடமிருந்து தொடங்குவது. இது பரவாயில்லை. லாரி அவளுடையதுதான்.

மிரானுக்கு நாற்பத்தாறு வயது. மேல் ஊர்களுக்குச் சமையல் கேஸ் சிலிண்டர் கொண்டுபோகிறவள். ஒரு சிலிண்டரை இடுப்பில் அணைத்து, குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்குவாள். போன சனிக்கிழமை மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அவளுடைய ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிட்டது. பவர் ஸ்டியரிங் எண்ணெய் போகிற இரும்புக் குழாய் துருவேறி ஓட்டை விழுந்து, எண்ணெய் மொத்தமும் பனியில் சிவப்பாய்ச் சிந்தியிருந்தது. "யாரையோ வெட்டிட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்றாள். நெஞ்சைச் சக்கரத்தின் மேல் வைத்து அழுத்தித் திருப்பி, ஒரு மணி நேரம் கீழே உருட்டிக்கொண்டு வந்து, பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, கையைத் தூக்க முடியாமல் வாயால் கையுறையைக் கழற்றினாள்.

புதுக் குழாய் செவ்வாய்க்கிழமைக் கப்பலில், கடலுக்கு அந்தப் பக்கக் கரையில் இருக்கும் போஹாங்கிலிருந்து, வந்துவிட்டது. அதுதான் கடைசிக் கப்பல். அதற்குப் பிறகு அலை. மேல் ஊரில் பன்னிரண்டு வீடுகளில் சிலிண்டர் தீரப்போகிறது. குழாய் கையில் இருக்கிறது. பழசு கழன்றால் மாட்டிவிடலாம்.

பழசு கழலவில்லை.

3

இப்போது தல்சுவோடு லாரிக்கு அடியில் போவோம். நான் அங்கே இருக்கவில்லை. பாதி அவர் பிற்பாடு சொன்னது, மீதி நான் இட்டுக்கட்டுவது. தையல் எங்கே என்று கேட்காதீர்கள்.

தல்சுவுக்கு ஐம்பத்தேழு வயது. அந்தக் குழாயின் ஒரு முனை பம்பில் சுலபமாகக் கழன்றுவிட்டது. மறுமுனை, ஸ்டியரிங் பெட்டியில் ஏறுகிற இடத்தில், நட்டு எது பெட்டி எது என்று தெரியாதபடி ஒரே பழுப்புக் கட்டியாகியிருந்தது. புதன்கிழமை முழுக்க எண்ணெய் விட்டு ஊறவைத்தார். கம்பித் தூரிகையால் தேய்த்தார். வியாழன் காலை ஸ்பேனரைப் போட்டு மெல்லத் தம் பிடித்தார். நட்டின் ஒரு மூலை மழுங்கிச் சறுக்கியது. இன்னும் ஒரு மூலை போனால் பிடிமானமே இருக்காது. பெட்டியையே இறக்க வேண்டியிருக்கும். அதற்குச் சாமான் கிடையாது, சாமான் வரக் கப்பல் கிடையாது.

அப்போதுதான் கைபேசி அடித்தது. முழங்கையால் ஒலிபெருக்கியை அழுத்தி, தலைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டார்.

"நாரே அப்பா," என்றாள் ஹேசூன். மகள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். "வேலையா?"

"மிரான் வண்டி. சொல்லு."

"மாப்பிள்ளைக்கு மாத்தல் ஆர்டர் வந்துடுச்சு. வியட்நாம். ஹைபோங். நாலு வருஷம்."

"நல்லதுதானே. சம்பளம் ஏறும்."

"என்னையும் கூப்புடறாங்க. பேரனுக்கு அங்க ஸ்கூலு, நாரேவும் வேலைக்குப் போகப்போறா. புதன்கிழமை காலையில பிளைட்டு."

"எந்தப் புதன்?"

"வர்ற புதன்."

நட்டு தல்சுவின் கண்ணுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அதிலிருந்து துருவோடு சேர்ந்த ஒரு சொட்டு எண்ணெய் கிளம்பி, நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் பேரன் பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று, மகள் இருக்கும் சுவோன் நகரத்துக்குப் போனவள் அவள். மூன்று மாதம் ஆறானது. அப்புறம் பிள்ளை நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும். அவரும் வருடா வருடம் "இந்தக் குளிர்காலம் முடியட்டும், பட்டறையை மூடிட்டு வந்துடறேன்" என்றார். குளிர்காலங்கள் தவறாமல் முடிந்தன. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் யாராவது சமாதானம் பேசியிருப்பார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் ஹேசூன். "போகட்டுமா, வேண்டாமா. நீங்க சொல்றதத்தான் நான் செய்யப்போறேன்னு இல்ல. ஆனா சொல்லுங்க. ஒரு தடவையாவது."

லாரிக்கு அடியில் இருந்ததால்தான் அவரால் முடிந்தது என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்க்க யாரும் இல்லை. மேலே இரண்டு டன் இருட்டு. இரண்டு கையும் ஸ்பேனரைப் பிடித்திருந்தன. அந்தப் பிடியை விடாமலே சொன்னார், நான் ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தபோது கேட்ட அந்த வார்த்தைகளை.

மீதி உங்களுக்குத் தெரியும்.

4

இங்கே எழுத்து நின்றுவிட்டது. மாதக்கணக்கில் இல்லை, ஒரு நாள்தான். ஆனால் சமையல்காரனுக்கு ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால் அது பெரிய விஷயம்.

இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, அந்த நட்டு. துருவேறி அசையாத நட்டு, ஒன்பது வருடமாக அசையாத மனிதர்... வாசிக்கிற நீங்கள் எப்போதோ கோடு போட்டுச் சேர்த்திருப்பீர்கள். தயவுசெய்து அழித்துவிடுங்கள். நட்டு நட்டுதான். அது கழலாவிட்டால் பன்னிரண்டு வீட்டில் சோறு வேகாது. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றினால் இரண்டாவது மூலையும் மழுங்கிவிடும்.

இரண்டாவது, தல்சு. ஒன்பது வருடம் ஒரு மனிதன் ஏன் போகவில்லை? முதல் எழுத்தில் அவருக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று வைத்திருந்தேன். ஏறினால் வாந்தி, மூன்று நாள் படுக்கை. தீவுக்காரருக்குக் கடல் ஆகாது என்றால் வாசகர்களுக்குப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். ஆனால் அது பொய். அவருக்குக் கடல் நன்றாகவே ஒத்துக்கொள்ளும். கப்பலில் இரண்டு பாக்கெட் ராமியோன் நூடுல்ஸ் சாப்பிடுகிற ஆள். எடுத்துவிட்டேன். எடுத்ததும் அவர் போகாததற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. நான் எழுதியதில் அதுதான் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.*

* அவரிடமே கேட்டேன். "நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருக்கறது தெனமும் போற மாதிரியே இருக்கும் தம்பி," என்றார். இதைக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.

5

அவர் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். "நட்டுன்னு நெனச்சேன் அண்ணே" என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. கந்தல் துணியால் நெற்றியைத் துடைத்தார். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெண்டியில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை இரண்டு காகிதக் குவளையில் ஊற்றி, பொட்டலக் காப்பியைப் பிரித்துக் கொட்டி, அந்தப் பொட்டலத் தாளாலேயே கலக்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கைபேசியை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்தினார். அடித்து ஓய்ந்தது. திரும்ப அழுத்தவில்லை.

"சங்கிலி அறுந்துடுச்சா?" என்றார். "வச்சிட்டுப் போ."

போகவில்லை. எப்படிப் போவேன்?

அப்போது ஷட்டரைக் காலால் உதைத்துத் தூக்கிக்கொண்டு மிரான் வந்தாள். தலையில் பனி, கையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை.

"அண்ணே, என் வண்டி பிரசவம் ஆச்சா இல்லையா? மேல் ஊர்லேர்ந்து இது ஏழாவது போன். 'சிலிண்டர் வருமா, இல்ல நாங்க ஒருத்தர ஒருத்தர் பச்சையா தின்னுக்கட்டுமா'ன்னு கேக்கறாங்க." என்னைப் பார்த்தாள். "எழுத்தாளர் இங்க என்ன பண்றாரு? சூப்பு தீய்ஞ்சிடாது?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு செத்தது?"

தல்சு காப்பியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி லாரிக்கு அடியில் போனார். நான் அவளிடம் தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பின்னால் எழுதுவதற்காகச் சொல்லிப் பார்த்தேனோ என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மிரான் கேட்டுக்கொண்டே ஒரு கிழங்கை முழுசாகத் தின்று முடித்தாள். அடியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் சறுக்கி இரும்பில் மோதும் சத்தம். கூடவே தல்சுவின் குரல்:

"நாசமாப்போற நாயே! உன்னச் செஞ்சவன் கையில கட்டி வர! உப்புல பொறந்து உப்புலயே சாகப்போற பன்னிக்குட்டி, அசையறியா, இல்ல உன் அப்பன் பெட்டியோட சேத்து வெட்டிக் கடல்ல போடட்டுமா!"

மிரான் தோலை அடுப்போரம் வைத்தாள். லாரிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

"அண்ணே."

"என்ன?"

"இருவது வருஷமா என் வண்டிங்கள நீங்கதான் பாக்கறீங்க. நீங்க ஒரு நட்டு கிட்டக் கெஞ்சி நான் பாத்ததே இல்ல. இப்படித்தான் அதுங்க வம்சத்தையே இழுத்துத் திட்டுவீங்க."

சத்தம் நின்றது.

"நான் வாரத்துக்கு ஒரு நாள் வர்றவ. எனக்கே தெரியுது. அந்த அக்கா இருவத்தஞ்சு வருஷம் இந்தப் பட்டறைக்கு மாடியில குடியிருந்தவங்க. அவங்களுக்குத் தெரியாதா, நீங்க நட்டு கிட்ட எப்படிப் பேசுவீங்கன்னு?"

பூட்ஸ் கால் ஒன்று மெல்ல மடங்கி, மறுபடி நீண்டது. கெண்டி மட்டும் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அடியிலிருந்து கை ஒன்று நீண்டது. "ஹாக்ஸா பிளேடு," என்றார் தல்சு. "மேசை மேல. அப்பறம் அந்த மெழுகுவத்தி."

குழாயை நட்டுக்கு ஒட்டி அறுத்தார். அது எப்படியும் குப்பைதான். குழாய் போனதும் நட்டின் தலை திறந்துவிட்டது. இப்போது ஆறு பக்கமும் கவ்வுகிற மூடிய பாக்ஸ் ஸ்பேனரை அதன் மேல் சுத்தியால் தட்டி ஏற்ற முடியும். ஏற்றுவதற்கு முன் சுற்றியிருந்த எண்ணெயையெல்லாம் துடைத்து, ரப்பர் பாகங்களுக்கு ஈரத்துணி போர்த்தி, சின்ன நெருப்பால் பெட்டியின் வாயை மட்டும் சூடாக்கினார். சூட்டில் மெழுகுவத்தியை நட்டின் விளிம்பில் தொட்டார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. மிரான் டார்ச் பிடித்தாள். தீப்பிடித்தால் அணைப்பதற்காக நான் துணியோடு நின்றேன்.

நீளக் கம்பியைப் போட்டுவிட்டு, கழற்றுகிற பக்கம் இழுக்காமல், இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அழுத்தினார்.

"என்ன அண்ணே, இன்னும் இறுக்கறீங்க?" என்றாள் மிரான்.

"பேசாம இரு."

அப்புறம் இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். மறுபடி மெழுகு. முக்கால் மணி நேரம் இதே. கடைசியில் "டிக்" என்று ஒரு சத்தம், விரல் சொடுக்குகிற மாதிரி. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அந்தச் சத்தத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கழன்றது, அல்லது முறிந்தது.

"சுத்துது," என்றார் தல்சு.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. நட்டு கழன்றதும் அவர் கண்ணில் நீர் என்று. நீர் இருந்தது உண்மை. ஆனால் புகையும் இருந்தது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை.]

6

புதுக் குழாயை மாட்டினால் வேலை முடிந்துவிடாது. உள்ளே காற்று நிற்கும். காற்று நின்றால் ஸ்டியரிங் முனகும், திடீரென்று கை விட்டுவிடும். ஒருவர் எண்ணெய் ஊற்ற வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து சக்கரத்தை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினைப் போடாமல், பொறுமையாக.

மிரான் சிலிண்டர்களை ஏற்றத் தயாராக எடுத்துவைக்கப் போய்விட்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன். தல்சு கேபினுக்குப் பின்னால் எண்ணெய் டப்பாவோடு நின்றார். அவர் என்னைப் பார்க்க முடியாது, நான் அவரைப் பார்க்க முடியாது.

"இடது," என்றார். திருப்பினேன். "முழுசா. ம். வலது."

ஆறாவதோ ஏழாவதோ சுற்றில் சொன்னார்: "தம்பி, நீ வரலன்னாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன்."

"எதை அண்ணே?"

"நட்டு கிட்டப் பேசினேன்னு. வேற யாராவது வந்திருப்பாங்க. இல்லன்னா நானே சிரிச்சிருப்பேன். இடது."

திருப்பினேன்.

"அவ போன நாள்ல, படகுத்துறையில, 'சொல்லுங்க'ன்னு அப்பவும் கேட்டா. நாலு பேர் நின்னாங்க. 'சாப்புட்டுப் போ'ன்னேன். கப்பல் ஊதிடுச்சு, எங்க சாப்புடறது? வலது."

"இப்போ போன் பண்ணுங்க அண்ணே."

"எடுக்கல."

"மறுபடி பண்ணுங்க."

"எடுத்தா என்ன சொல்றது? நட்டு கழண்டுடுச்சுன்னா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வண்டியின் எண்ணெய்த் தொட்டியில் குமிழிகள் வெடிப்பது கேட்டது.

"இன்னும் காத்து வருது," என்றார். "திருப்பு, திருப்பு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

சாயங்காலம் நான்கு மணிக்கு மிரான் பன்னிரண்டு வீட்டுக்கும் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போனாள். ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிக் காட்டி, ஜன்னல் வழியே, "பாருங்க, வெண்ணெய் மாதிரி!" என்று கத்தினாள். என் விடுதிச் சங்கிலியையும் தல்சு இணைத்துக் கொடுத்துவிட்டார்.

7

ஹேசூனின் பக்கத்தை எழுதாமல் இந்தக் கதை நியாயமாகாது. எழுதிப் பார்க்கிறேன்.

ஹேசூன் சுவோனில், பதினான்காவது மாடி சமையலறையில், கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பேரனின் குளிர்ச் சட்டைகளை இரண்டு குவியலாக்கிக்கொண்டிருந்தாள். கொண்டுபோகிறவை, யாருக்காவது கொடுக்கிறவை. ஹைபோங்கில் குளிர்ச் சட்டை எதற்கு? "நட்டு கிட்டதான்" என்ற வார்த்தையை அவள்

இல்லை.

ஹேசூன் சிரித்தாள். அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்கு

இதுவும் இல்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியவே தெரியாது. நான் தீவுக்கு வந்து பன்னிரண்டு வருடம். முதல் மூன்று வருடம் அவளும் இங்கேதான் இருந்திருக்கிறாள். சந்தையில் எதிரில் வந்திருப்பாள், என் கையால் சூப்பு குடித்துக்கூட இருப்பாள். ஞாபகம் இல்லை. அவளுக்கு அந்தப் பதினான்காவது மாடி பிடித்திருந்ததா? குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிற வீடு, உப்பு ஏறாத ஜன்னல், "புருஷன் எப்படியிருக்காரு" என்று கேட்காத அக்கம்பக்கம்? பிடித்திருந்தால் அதில் என்ன தப்பு? "வா" என்று சொன்னால் வந்துவிடுவேன் என்று அவள் சொல்லவே இல்லையே. சொல்லுங்கள் என்றுதான் கேட்டாள்.

அவள் பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

8

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்று: நானே அவளுக்குப் போன் செய்து, "அக்கா, அவர் உங்க கிட்டத்தான் பேசினார், கெடுத்தது நான்," என்று சொல்லிவிடுகிறேன். அவள் அழுகிறாள். கதை முடிகிறது. இதை நான் உண்மையிலேயே செய்ய நினைத்தேன். மிரானிடம் எண்கூட வாங்கினேன். "நல்லா இருக்கு," என்றாள் மிரான். "மொதல் தடவ நடுவுல பூந்து கெடுத்தீங்க. இப்போ நடுவுல பூந்து சரி பண்ணப்போறீங்களா? ஒங்க மூக்குக்கு வேற எடமே இல்லையா?" எண்ணை அழித்துவிட்டேன்.

இரண்டு: ஞாயிற்றுக்கிழமை அலை தணிந்து கப்பல் ஓடுகிறது. தல்சு போஹாங்கில் இறங்குகிறார். அதே கப்பலில் தீவுக்கு ஏற வரிசையில் நிற்கிறாள் ஹேசூன். ரொம்ப அழகு. அழகான பொய்களை நான் துருவோடு சேர்த்து அடித்துவிட்டதாகச் சொன்னேன் அல்லவா?

மூன்று: ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை விமானம் போகிறது. தல்சு யாருடைய வண்டிக்கோ அடியில் இருக்கிறார். இது இலக்கியம் என்று சொல்வார்கள். இதைத்தான் எழுதி வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை காலை வரை.

ஞாயிற்றுக்கிழமை அலை உண்மையிலேயே தணிந்தது. மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போன நான், பயணச்சீட்டு வரிசையில் தல்சுவைப் பார்த்தேன். முடி வெட்டியிருந்தார். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. கையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற அளவில் ஒரு பை. வழியனுப்ப வந்த மிரான் காலரைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "என்ன அண்ணே, பை இத்தினியூண்டு? போயிட்டு உடனே திரும்பறதா, இல்ல எதுவும் வேண்டாம்னு போறதா?"

"இந்தப் பைதான் இருந்துச்சு," என்றார்.

என்னைக் கண்டதும் வரிசையிலிருந்து கொஞ்சம் விலகி வந்தார். "தம்பி, நீ எழுதறவனாச்சே. ஒரு வரி எழுதிக் குடேன். போய்ச் சொல்றதுக்கு."

மீன் பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். என் வாழ்க்கையில் ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் யோசித்ததில்லை. ஒன்று சொன்னேன். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ பேசற மாதிரி இருக்கு."

"அப்போ நட்டு கிட்டப் பேசினதையே சொல்லுங்க அண்ணே."

"அங்க வீட்டுல யார் யார் இருப்பாங்க?"

"நாரே, மாப்பிள்ளை, பேரன்... எல்லாருந்தான்."

"அதான் பயமா இருக்கு," என்றார் பியோ தல்சு. கப்பல் ஊதியது.

9

இன்று செவ்வாய்க்கிழமை. விமானம் நாளைக் காலை.

நேற்றுக் கப்பல் வந்தது, இன்றும் வந்தது. இரண்டிலும் அவர் இல்லை, அவளும் இல்லை. மிரான் அவருக்கு ஒரு தடவை போன் செய்தாள். "ம்," "ம்," "சாப்புட்டேன்," என்று மூன்று பதில் கிடைத்ததாம். பின்னால் குழந்தை சத்தமும் பெட்டியில் டேப் ஒட்டுகிற சத்தமும் கேட்டதாம். எந்தப் பெட்டி, யாருடைய பெட்டி என்று கேட்டீர்களா என்றேன். "நான் என்ன உங்கள மாதிரியா?" என்றாள்.

பட்டறை ஷட்டரில் அவர் போகும்போது ஒட்டிய தாள் இருக்கிறது. தடித்த பேனாவில் எழுதியது:

பியோ பட்டறை
— நாள் விடுமுறை

அந்தக் கோட்டின் மேல் முதலில் மூன்று என்று எழுதி அடித்திருக்கிறார். பிறகு பத்து என்று எழுதி அடித்திருக்கிறார். அதற்குப் பிறகு எண் இல்லை. கப்பலுக்கு நேரமாகியிருக்கும்.

திங்கட்கிழமை மிரான் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டாள். "அவருக்குத் தைரியம் இல்லன்னா ஊரே எழுதட்டும்." கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரர் ஒருவர் இன்ஜின் கோளாறோடு வந்து, நான்கு என்று எழுதிவிட்டுப் போனார். யாரோ அதை அடித்து நாலு வருஷம் என்று எழுதினார்கள். அதையும் யாரோ அடித்தார்கள். மிரானுக்கே இந்த வாரம் பிரேக் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று என்று எழுதியிருந்தாள். இன்று மேல் ஊரிலிருந்து இறங்கி வருகிற வழியில் லாரியை நிறுத்தி, இறங்கிப்போய், தன் எண்ணைத் தானே அடித்துவிட்டு வந்ததைப் பார்த்தேன்.

நானும் போனேன். எழுதுகிறவன் ஆயிற்றே, எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றேன். அவர் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் சின்ன எண். அவர் அங்கேயே, அவளோடு, எங்கேயாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் பெரிய எண். இருவரும் சேர்ந்து வருவார்கள் என்றால் அதற்கு எண் எது என்று எனக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கினேன். இறக்கினேன்.

தாளில் இன்னும் ஒரு எண்ணுக்கு இடம் இருக்கிறது. இடது ஓரத்தில், பசை விட்ட மூலைக்குப் பக்கத்தில். பேனா நூலில் ஆடிக்கொண்டிருக்கிறது. குளிரில் மை உறைந்திருக்கும். நீங்கள் எழுதுவதற்கு முன் பேனாவை உள்ளங்கைக்குள் வைத்து, கொஞ்ச நேரம் ஊதுங்கள்.